உடம்பு நாற்றம்: எங்கிருந்து வருகிறது, முதலில் எதைப் பார்ப்பது

பெரம்பூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். வெயில் ஏறத் தொடங்கியதிலிருந்து மழைக்காலம் முடியும் வரை, கடையில் ஆள் குறைந்த நேரமாகப் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணா, எவ்வளவு குளிச்சாலும் நாத்தம் போக மாட்டேங்குது, ஏதாவது இருக்கா?" கேட்பவர்களில் பாதிப் பேர் தினமும் இரண்டு வேளை குளிப்பவர்கள். ஏற்கெனவே பல ஸ்ப்ரேக்களை வாங்கிப் பார்த்து அலுத்தவர்கள். வேலை செய்யும் இடத்தில் யாரோ ஜாடையாகச் சொன்ன ஒரு சொல்லை மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு.

அவர்களிடம் முதலில் சொல்வது இதைத்தான்: நீங்கள் சுத்தமில்லாதவர் என்று இதற்கு அர்த்தமில்லை. வியர்வை சுரக்கும் நிமிடத்தில் அதற்கு ஏறக்குறைய வாசமே கிடையாது. தோலில் குடியிருக்கும் பாக்டீரியா அதைத் தின்று வெளிவிடும் பொருள்தான் நாறுகிறது. அந்த பாக்டீரியா எல்லோர் உடம்பிலும் இருக்கிறது. உங்கள் விஷயத்தில் அது பெருகியிருப்பது அக்குளிலா, சட்டையிலா, ஷூவிலா என்று தெரிந்துகொள்ளாமல் எதை வாங்கினாலும் காசு வீண்.

கீழே அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், மருத்துவரிடம் போக வேண்டிய கட்டம் கடைசியில் வரும். உங்களுக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அதற்கு முன் ஒரு சோதனை.

## எல்லோரும் முதலில் செய்ய வேண்டியது

தன் நாற்றம் தன் மூக்குக்குத் தெரிவது கடினம், மூக்கு பழகிவிடும். அதனால் வீட்டில் நீங்கள் கூச்சமில்லாமல் கேட்கக்கூடிய ஒருவர் வேண்டும்.

சாயங்காலம் குளித்துவிட்டு, மேலுக்கு எதுவும் பூசாமல், நன்றாகத் துவைத்துக் காய்ந்த பழைய பருத்தி பனியன் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் வழக்கமான வீட்டு வேலை. பிறகு ஒரு சுத்தமான கைக்குட்டையால் அக்குளைத் துடைத்து வீட்டாரிடம் கொடுங்கள். அடுத்ததாக, நீங்கள் வேலைக்குப் போட்டுப்போகும் சட்டை அல்லது சுடிதார் டாப்ஸ், துவைத்து மடித்து வைத்திருப்பதை எடுங்கள். அக்குள் பகுதியில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டுங்கள். ஆவி எழும்போது மோந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கைக்குட்டை பரவாயில்லை, துவைத்த சட்டை நாறுகிறது என்றால் சிக்கல் துணியில். கைக்குட்டையே நாறினால் அக்குளில். இரண்டும் இல்லை, ஆனாலும் பிறர் சொல்கிறார்கள் என்றால் கால், தொடை இடுக்கு, தலை, வாய் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். வீட்டாருக்கும் தெரியவில்லை, வெளியாரும் சொல்லவில்லை, உங்களுக்கு மட்டும் தெரிகிறது என்றால் 'எனக்கு மட்டும் தெரிகிறது' என்ற தலைப்புக்குப் போங்கள்.

## குளித்துக் கிளம்பும்போது ஒன்றுமில்லை, பஸ் ஏறியதும் நாற்றம் கிளம்புகிறது

இது பெரும்பாலும் சட்டை. காலை எட்டு மணிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டுக்கோ ஓ.எம்.ஆருக்கோ கிளம்புகிறவர்களில் பலர் போடுவது பாலியெஸ்டர் கலந்த சீருடை அல்லது டி-ஷர்ட். பாலியெஸ்டர் நூல் தண்ணீரை உறிஞ்சாது, எண்ணெய்ப் பசையை விடாது. 2014-ல் பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தில், உடற்பயிற்சி செய்தவர்களின் சட்டைகளை வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பருத்தியைவிட பாலியெஸ்டர் சட்டைகளில் நாற்றம் தெளிவாகக் கூடுதல். அக்குள் தோலில் அதிகம் காணப்படாத மைக்ரோகாக்கஸ் என்ற பாக்டீரியா அந்தத் துணியில் நன்றாகப் பெருகியிருந்தது. அதாவது உங்கள் உடம்பு சுத்தமாகவே இருந்தாலும், சட்டை தனக்கென ஒரு நாற்றத்தை வளர்த்து வைத்திருக்கிறது. உடம்புச் சூடும் முதல் துளி வியர்வையும் பட்டதும் அது எழுகிறது.

காசில்லாமல் முதலில் மாற்ற வேண்டியவை: கழற்றிய சட்டையைச் சுருட்டி அழுக்குக்கூடையில் போடாதீர்கள். கொடியில் விரித்துப் போட்டுக் காய்ந்த பிறகு கூடைக்குப் போகட்டும். துவைக்கும்போது உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போடுங்கள். வாஷிங் மெஷினில் 'க்விக் வாஷ்' வேண்டாம். பச்சைத் தண்ணீரில் கால் மணி நேரம் சுற்றினால் மண் போகும், இந்த எண்ணெய்ப் பசை போகாது. பவுடரை இரட்டிப்பாகப் போடுவதும் தப்பு. போர் தண்ணீர் கடினமாக இருக்கும் பகுதிகளில் சோப்பு சரியாக அலசப்படாமல் துணியிலேயே படியும், பாக்டீரியா அதன் மேல் உட்காரும். கடைசி அலசலுக்காவது மெட்ரோ வாட்டர் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். வாசனைக்காக ஊற்றும் ஃபேப்ரிக் கண்டிஷனரையும் இந்தச் சட்டைகளுக்கு நிறுத்திவிடுங்கள். அது நூலின் மேல் ஒரு படலத்தை விட்டுப் போகிறது.

இதற்கும் போகவில்லை என்றால் ஊறவைக்கும் கட்டம். ஆக்சிஜன் ப்ளீச் என்று விற்கும் தூள், அதாவது சோடியம் பெர்கார்பனேட், கை பொறுக்காத சூட்டு வெந்நீரில் கலந்து சில மணி நேரம் ஊறவிட்டுத் துவையுங்கள். சாயத் துணிக்கும் பொதுவாக ஒத்துவரும், ஆனால் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிடுங்கள். பட்டுக்கும் கம்பளிக்கும் வேண்டாம். சிலர் வினிகரில் ஊறவைக்கிறார்கள், அதுவும் உதவும். ஆனால் வினிகரையும் பாத்ரூம் கழுவும் குளோரின் ப்ளீச்சையும் எந்தக் காரணத்துக்காகவும் ஒன்றாகக் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், அது நுரையீரலைத் தாக்கும்.

அப்புறம் மொட்டை மாடி வெயில். சென்னையில் நமக்கு இலவசமாகக் கிடைக்கும் மருந்து அது. உள்பக்கம் வெளியே தெரிய, அக்குள் பகுதியில் வெயில் படும்படி விரியுங்கள். இத்தனைக்குப் பிறகும் இஸ்திரிச் சூட்டில் நாறினால் அந்தச் சட்டையை விட்டுவிட வேண்டியதுதான். கம்பெனி சீருடையாக இருந்தால் உள்ளே பருத்தி பனியன் போடுங்கள்.

### மழைக்காலத்தில் மட்டும் துணி நாறுகிறது

இது வேறு ஆள். ஐப்பசி, கார்த்திகையில் வீட்டுக்குள் கொடி கட்டி இரண்டு நாள் காயாமல் கிடக்கும் துணியில் வரும் முக்கல் வாடைக்கு மொராக்ஸெல்லா ஓஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா முக்கியக் காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-ல் கண்டுபிடித்தார்கள். துணி ஈரமாக இருக்கும் நேரத்தைக் குறைப்பது ஒன்றே வழி. மெஷினில் கூடுதலாக ஒரு தடவை ஸ்பின் விடுங்கள், துணிகளை நெருக்கமாகப் போடாதீர்கள், ஃபேனுக்கு நேர் கீழே கொடி கட்டுங்கள். குளித்த துண்டை மறந்துவிடாதீர்கள். பல வீடுகளில் நாறுவது துண்டுதான். குளித்துச் சுத்தமான உடம்பை அதே துண்டால் துடைத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம்.

## அக்குளிலிருந்தே வருகிறது: வெங்காய வாடை, கற்றாழை நாற்றம்

உடம்பு முழுக்கச் சுரக்கும் உப்புத் தண்ணீர் வியர்வை ஒன்று. அக்குளிலும் தொடை இடுக்கிலும் பருவ வயதில் வேலை செய்யத் தொடங்கும் அபோக்ரைன் சுரப்பிகளின் கொழகொழப்பான சுரப்பு மற்றொன்று. நாற்றத்துக்கு மூலப்பொருள் இந்த இரண்டாவது. அழுகிய வெங்காயம் போல அடித்தால் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஹோமினிஸ் என்ற பாக்டீரியா அங்கே கந்தகம் கலந்த ஒரு பொருளை வெட்டி வெளியே விடுகிறது. இந்த வேலையைச் செய்யும் நொதியை இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் அடையாளம் கண்டு 2020-ல் வெளியிட்டார்கள். ஆட்டுக்கிடா போலவோ சீரகம் போலவோ அடித்தால் கொரினிபாக்டீரியம் வகை உண்டாக்கும் அமிலங்கள். இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றே, அதனால் எது என்று குழம்ப வேண்டாம்.

முதல் காரணம், கழுவும் முறை. தண்ணீர் ஊற்றி, கையால் ஒரு தடவு தடவிவிட்டு வந்தால் போதாது. அக்குளில் ஒரு சதுர சென்டிமீட்டரில் பத்து லட்சம் பாக்டீரியா வரை இருக்கலாம், அவை முடியின் வேரை ஒட்டி இருக்கும். சோப்பைப் போட்டு அரை நிமிடம் விரலால் தேய்த்து, நன்றாக அலசி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். துடைப்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சென்னைப் புழுக்கத்தில் குளித்த ஈரத்தோடு சட்டை மாட்டினால் அந்த ஈரம் மதியம் வரை காயாது.

எந்த சோப்பு என்று கேட்பார்கள். எதுவானாலும் சரி. கிருமிநாசினி சோப்புக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு தேவையில்லை. டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 பொருள்கள் சாதாரண சோப்பைவிட மேலானவை என்று உற்பத்தியாளர்கள் நிரூபிக்கவில்லை என்று சொல்லி, அவற்றைக் கலந்த சோப்புகளை 2016-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தடை செய்தது.

இரண்டாவது, முடி. ஒட்ட வெட்டினாலோ மழித்தாலோ சோப்பு தோலைத் தொடும். ஆண்களுக்கும் இதைச் சொல்கிறேன், கூச்சப்படாமல் செய்யலாம்.

மூன்றாவது, பூசுவது. டியோடரன்ட் என்பது வாசனையும் ஆல்கஹாலும் சேர்ந்தது. வியர்வையை நிறுத்தாது. ஏற்கெனவே நாறும் அக்குளில் அடித்தால் இரண்டு வாசமும் கலந்து இன்னும் மோசமாகும். ஆன்டிபெர்ஸ்பிரன்ட் என்று எழுதியிருப்பதில் அலுமினிய உப்பு இருக்கும், வியர்வைத் துளைகளைத் தற்காலிகமாக அடைக்கும். அதைக் காலையில் அவசரமாகப் பூசுவதைவிட இரவில் காய்ந்த தோலில் பூசுவது நல்லது, அப்போது வியர்வை குறைவு, மருந்து உள்ளே தங்கும். செலவு செய்ய விருப்பமில்லாதவர்களுக்குச் சலூன்களில் தேய்ப்பார்களே, அந்தப் படிகாரக் கல்லே போதும். அதுவும் அலுமினிய உப்புதான். குளித்ததும் ஈரமாக ஒரு தடவை தேய்த்து உலரவிடுங்கள்.

எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொல்லி ஒரு வைத்தியம் சுற்றுகிறது. தயவுசெய்து வேண்டாம். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் நம் ஊர் வெயில் பட்டால் கொப்புளம் போட்டுக் கருத்துவிடும். சமையல் சோடாவும் தினமும் தேய்த்தால் தோல் எரிந்து சிவக்கும்.

நான்காவது, பென்ஸாயில் பெராக்சைடு. முகப்பருவுக்கு விற்கும் அதே மருந்துதான். 5 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். குளிக்கும்போது அக்குளில் பூசி, ஒன்றிரண்டு நிமிடம் விட்டுக் கழுவிவிடுங்கள். முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள், எரிச்சல் இல்லையென்றால் தினமும். துணியில் பட்டால் சாயம் போய்விடும், அதனால் வெள்ளைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். முறையாகக் கழுவியும் துணியைச் சரிசெய்தும் தீராதவர்களுக்குத்தான் இதைக் கொடுக்கிறேன். அவர்களில் நிறையப் பேர் திரும்ப வந்து நல்ல செய்தி சொல்லியிருக்கிறார்கள்.

### சட்டை சொட்டச் சொட்ட நனைகிறது

ஏ.சி. அறையில் உட்கார்ந்திருக்கும்போதும் நனைகிறதா? உள்ளங்கையும் சேர்ந்து வியர்க்கிறதா? சிறு வயதிலிருந்தே இருக்கிறதா, தூங்கும்போது நின்றுவிடுகிறதா? ஆமாம் என்றால் அது மிகை வியர்வை. அலுமினியம் குளோரைடு 20 சதவீத லோஷன் கிடைக்கிறது. படுக்கும் முன் அக்குளைக் கழுவி, துடைத்து, ஃபேன் காற்றில் முழுக்க உலரவிட்டுப் பூசுங்கள். ஈரத்தில் பூசினால் எரியும், மழித்த அன்றும் எரியும். காலையில் கழுவிவிடுங்கள். சில இரவுகள் தொடர்ந்து, அப்புறம் வாரத்துக்கு ஒன்றிரண்டு போதும். இதற்கும் நிற்கவில்லை என்றால் தோல் மருத்துவர். உள்ளங்கை, பாதத்துக்கு மின்சாரத் தொட்டி சிகிச்சை உண்டு, அதாவது கையையும் காலையும் தண்ணீரில் வைத்து மிக மெல்லிய மின்சாரம் பாய்ச்சுவார்கள். அக்குளுக்கு போடாக்ஸ் ஊசி உண்டு, பலன் சில மாதங்கள் நிற்கும், செலவு அதிகம். நரம்பை வெட்டும் அறுவை சிகிச்சை கடைசி வழி. அதற்குப் பிறகு முதுகிலோ வயிற்றிலோ வியர்வை கூடுவது பலருக்கு நடக்கிறது, தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

நடுவயதில் திடீரென்று வியர்வை கூடினால் லோஷன் வாங்காதீர்கள், முதலில் ரத்தப் பரிசோதனை. தைராய்டு, சர்க்கரை, மாதவிடாய் நிற்கும் காலம், மனச்சோர்வுக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள், எல்லாம் காரணமாகலாம். இரவில் படுக்கை நனைய வியர்த்து, எடையும் குறைந்து, இருமலும் இரண்டு வாரத்தைத் தாண்டினால் காசநோய்ச் சோதனை. அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

### முடியில் மஞ்சள் துகள் ஒட்டியிருக்கிறது

முடியைச் சுற்றி மஞ்சளாகவோ, சில சமயம் சிவப்பாகவோ கறுப்பாகவோ மெழுகு போல ஒட்டி, சோப்புக்குப் போகாமல் இருந்தால் அது பேன் முட்டையும் இல்லை, பொடுகும் இல்லை. கொரினிபாக்டீரியம் முடியின் மேல் கட்டியிருக்கும் கூடு. முழுக்க மழித்துவிட்டு பென்ஸாயில் பெராக்சைடு கழுவலைத் தொடர்ந்தால் பெரும்பாலும் போய்விடும். பனியனில் மஞ்சள் கறை விழுவதும் அதோடு நிற்கும்.

### கட்டி வந்து வந்து போகிறது

சூட்டுக்கட்டி என்று சொல்லி இளநீர் குடித்துவிட்டு விட்டுவிடும் விஷயம் இது. ஒரு தடவை வந்தால் சரி. அக்குளிலோ தொடை இடுக்கிலோ அதே இடத்தில் திரும்பத் திரும்பக் கட்டி வந்து, உடைந்து, சீழ் நாறி, தழும்பு விழுந்தால் அது ஹைட்ராடினைட்டிஸ் என்ற தோல் நோய். சுத்தக் குறைவால் வருவதல்ல, அடுத்தவருக்குத் தொற்றாது. வருடக்கணக்கில் விட்டால் தோலுக்கு அடியில் சுரங்கம் போல வழி விழும். பிதுக்க வேண்டாம், கடையில் ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்க வேண்டாம். இரண்டாவது கட்டிக்கே தோல் மருத்துவரைப் பாருங்கள். புகைபிடிப்பவர்களாக இருந்தால் அதை நிறுத்துவதும் வைத்தியத்தின் பகுதி.

## ஷூவைக் கழற்றினால் அறையில் இருக்க முடியவில்லை

பாதத்தில் அபோக்ரைன் சுரப்பி கிடையாது. அங்கே வெறும் உப்பு வியர்வையும், ஊறிப்போன செத்த தோலும்தான். தோல் பாக்டீரியா அதிலுள்ள லூசின் என்ற அமினோ அமிலத்தை உடைத்து ஐசோவலெரிக் அமிலம் ஆக்குகிறது. புளித்த, பழைய சீஸ் போன்ற வாடை அதனுடையது.

முதலில் ஷூ. ஒரே ஜோடியைத் தினமும் போட்டால் அது காயவே காயாது. இரண்டு ஜோடி வைத்து மாற்றிப் போடுவது மற்ற எல்லாவற்றையும்விடப் பலன் தரும். இன்சோலைக் கழற்றி வெயிலில் வையுங்கள், நாறினால் அதை மட்டும் மாற்றுங்கள், ஷூவைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. சாக்ஸை மதியம் ஒருமுறை மாற்றுங்கள். டெலிவரி வேலையில் மழையில் நனைகிறவர்கள் வண்டிப் பெட்டியில் ஒரு ஜோடி காய்ந்த சாக்ஸ் வைத்துக்கொள்வது அவசியம். கழுவும்போது விரல் இடுக்குகளையும், துடைக்கும்போதும் அவற்றையும் தனித்தனியாகக் கவனியுங்கள்.

### விரல் இடுக்கு வெள்ளையாக ஊறி, அரிக்கிறது

சேற்றுப்புண். பூஞ்சைத் தொற்று. க்ளோட்ரிமசோல் க்ரீம் காலை, இரவு, நான்கு வாரம் பூசுங்கள். அரிப்பு ஒரு வாரத்தில் நிற்கும், அதோடு நிறுத்தினால் திரும்ப வரும். ஸ்டீராய்டு கலந்த க்ரீம் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். சட்டென்று அரிப்பை அடக்கும், அடியில் பூஞ்சை பரவும். படர்தாமரை இன்று இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு அந்த க்ரீம்கள் ஒரு பெரிய காரணம். ஸ்டீராய்டு கலந்த பல க்ரீம்களை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே ஒன்றிய அரசு அறிவித்தது. பக்கத்து வீட்டார் கொடுத்த ட்யூபாக இருந்தாலும் பூசாதீர்கள்.

### உள்ளங்காலில் ஊசியால் குத்தியதுபோலச் சின்னச் சின்னக் குழிகள்

கால் நனைந்திருக்கும்போது பார்த்தால் நன்றாகத் தெரியும். நாற்றம் கடுமையாக இருக்கும். கைட்டோகாக்கஸ் போன்ற பாக்டீரியா தோலின் மேலடுக்கைக் கரைத்துத் தின்னும் இடங்கள் அவை. பூஞ்சை க்ரீம் இதற்குக் கேட்காது. மருத்துவர் பூசுவதற்கு ஆன்டிபயாட்டிக் எழுதித் தருவார், சில வாரங்களில் குழி மூடிவிடும். பூட்ஸ் போட்டு நாள் முழுக்க நிற்கும் காவலாளிகளிடமும் தொழிற்சாலை ஆட்களிடமும் இதை அதிகம் பார்க்கிறேன்.

### சர்க்கரை உள்ளவர், காலில் புண், நாற்றம்

கடைக்கு வர வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனை. வலி இல்லை என்பதால் தள்ளிப்போடாதீர்கள். சர்க்கரையில் நரம்பு மரத்திருந்தால் வலி தெரியாது.

## தொடை இடுக்கு, மார்புக்கு அடி, வயிற்று மடிப்பு

தோலும் தோலும் உரசும் இடம், ஈரம் தங்கும் இடம். கழுவித் துடைப்பது, தளர்ந்த பருத்தி உள்ளாடை, இரவில் காற்றோட்டம், இவற்றிலேயே பலருக்குச் சரியாகிவிடும். டால்கம் பவுடரை அள்ளிக் கொட்டாதீர்கள், வியர்வையோடு சேர்ந்து பசையாகி மடிப்பிலேயே உட்காரும்.

சிவந்து, ஓரத்தில் சின்னச் சின்னப் பொரியோடு எரிந்தால் கேண்டிடா பூஞ்சை. வளையமாகப் பரவி அரித்தால் படர்தாமரை. அரிப்பு அவ்வளவாக இல்லாமல் பழுப்பாகப் படர்ந்திருந்தால் எரித்ராஸ்மா என்ற பாக்டீரியாத் தொற்றாக இருக்கலாம். மருத்துவர் ஒரு ஊதா விளக்கை அடித்துப் பார்த்தால் அது பவளச் சிவப்பாக ஒளிரும், அதோடு சந்தேகம் தீர்ந்துவிடும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரை பாருங்கள்.

பெண்களுக்குப் பிறப்புறுப்பிலிருந்து மீன் வாடையோடு வெள்ளைப்படுதல் இருந்தால், அது தோல் விஷயம் அல்ல, கழுவிச் சரியாகாது. விளம்பரத்தில் வரும் வாசனை வாஷ்கள் உள்ளிருக்கும் நல்ல பாக்டீரியாவைக் கெடுத்து நிலைமையை மோசமாக்கும். பெண்கள் நல மருத்துவரிடம் போனால் சில நாள் மருந்தில் தீரும்.

## தலை, ஹெல்மெட்

ஈரத் தலையோடு ஹெல்மெட் மாட்டுவதை நிறுத்துங்கள். உள் பஞ்சைக் கழற்ற முடிந்தால் வாரம் ஒருமுறை துவையுங்கள், முடியாவிட்டால் அடியில் பருத்தித் துணி கட்டுங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் செதிலும் அதிகமிருந்தால் கீட்டோகோனசோல் ஷாம்பு, வாரம் இருமுறை, ஐந்து நிமிடம் ஊறவிட்டு.

## குழந்தையிடம் நாற்றம்

சின்னப் பிள்ளைகளுக்கு அக்குள் நாற்றம் இருக்கவே கூடாது, அபோக்ரைன் சுரப்பி இன்னும் விழிக்கவில்லை. அதனால் முதலில் சீருடை, ஷூ, தலை. அப்புறம் மூக்கைப் பாருங்கள். ஒரு மூக்குத் துவாரத்தில் மட்டும் சளி வழிந்து, குழந்தையின் மேலேயே அழுகல் வாடை அடித்தால், உள்ளே மணியோ, ஸ்பாஞ்சுத் துண்டோ, புளியங்கொட்டையோ மாட்டியிருக்க வாய்ப்பு அதிகம். வீட்டில் குச்சி விட்டு எடுக்க முயற்சி செய்யாதீர்கள், காது மூக்கு தொண்டை மருத்துவர் நொடியில் எடுத்துவிடுவார். பொம்மையின் பொத்தான் பேட்டரி என்று சந்தேகம் வந்தால் ராத்திரியானாலும் உடனே ஓடுங்கள், சில மணி நேரத்தில் உள்ளே வெந்துவிடும்.

பெண் பிள்ளைக்கு எட்டு வயதுக்கு முன்பும், ஆண் பிள்ளைக்கு ஒன்பதுக்கு முன்பும் பெரியவர்கள் போல அக்குள் நாற்றமும் முடியும் வந்தால் குழந்தை மருத்துவர் ஒருமுறை பார்க்கட்டும். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் காட்டலாம். பச்சிளம் குழந்தையின் சிறுநீர் வெல்லப்பாகு போல மணந்து, பாலும் குடிக்காமல் துவண்டிருந்தால் அது அவசரம். தாய் வெந்தயம் சாப்பிட்டாலும் அப்படி மணப்பதுண்டு, ஆனால் அதை மருத்துவர் சொல்லட்டும்.

## வாசமே மாறிவிட்டது

பூண்டு, வெந்தயம் அதிகம் சாப்பிட்டால் ஓரிரு நாள் வியர்வை மாறும், தானாகப் போய்விடும். ஆனால் மூச்சில் அழுகிய பழமோ நெயில் பாலிஷ் அழிப்பானோ போல வாடை, கூடவே வாந்தி, வேகமான ஆழ்ந்த மூச்சு, அரைமயக்கம் என்றால் சர்க்கரை கட்டுமீறிவிட்டது. 108-ஐக் கூப்பிடுங்கள். மூச்சிலும் உடம்பிலும் சிறுநீர் வாடை அடித்து முகமும் காலும் வீங்கினால் சிறுநீரகச் சோதனை. கண் மஞ்சளாகி மூச்சில் ஊசிப்போன இனிப்பு வாடை வந்தால் கல்லீரல்.

எவ்வளவு கழுவினாலும் வியர்வை, மூச்சு, சிறுநீர் மூன்றிலும் அழுகிய மீன் வாடை, அதுவும் மீன், முட்டை, ஈரல் சாப்பிட்ட பிறகு கூடினால், ட்ரைமெத்தில்அமினூரியா என்ற அரிய பரம்பரைக் குறைபாடு இருக்கலாம். சிறுநீர்ச் சோதனையில் தெரியும், உணவை மாற்றிக் கட்டுப்படுத்தலாம். இவர்களை வீட்டிலும் பள்ளியிலும் வருடக்கணக்கில் சுத்தமில்லாதவர் என்று திட்டியிருப்பார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

## எனக்கு மட்டும் தெரிகிறது, மற்றவர்கள் இல்லை என்கிறார்கள்

பக்கத்தில் ஒருவர் மூக்கைச் சொறிந்தாலே என்னால்தான் என்று தோன்றுகிறதா? பஸ்ஸில் ஏறவே தயக்கமா? ஒரு நாளில் பல தடவை குளித்தும் திருப்தி வரவில்லையா? வீட்டார் இருவராவது சோதித்து இல்லை என்று சொன்னால், அதை ஒருமுறை நம்பிப் பாருங்கள். முதலில் பல் மருத்துவரும் காது மூக்கு தொண்டை மருத்துவரும் பார்க்கட்டும், ஈறு, நாக்கு, சைனஸ் கோளாறால் தனக்கு மட்டும் வாடை தெரிவதுண்டு. அங்கும் ஒன்றுமில்லை என்றால் மனநல மருத்துவர். இந்தத் தவிப்புக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

## தோல் மருத்துவரிடம் போகும்போது

தனியார் கட்டணம் கட்டாதென்றால் சென்ட்ரல் எதிரில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, வடசென்னைக்கு ஸ்டான்லி, இந்தப் பக்கத்தவர்களுக்குக் கீழ்ப்பாக்கம், மூன்றிலும் தோல் நோய்ப் பிரிவு உண்டு. புறநோயாளிச் சீட்டுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். அன்று டியோடரன்ட், பவுடர், க்ரீம் எதுவும் வேண்டாம். மழித்தும் போகாதீர்கள், முடியில் ஒட்டியிருப்பது தெரிய வேண்டும். இதுவரை பூசிய எல்லா ட்யூப்களையும், சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். எந்த க்ரீம் எத்தனை நாள் பூசினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.